நகர்ப்புறக் குளிரில் காட்டு வாத்துக் குடும்பம்

வட அமெரிக்காவின் உட்பகுதியிலுள்ள நகரங்களில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை உஷ்ணநிலை நீர் உறையும் நிலைக்கு மிகக் கீழே இறங்குவதுண்டு. ஏரிகள் கெட்டிப்படுகின்றன, புல்வெளிகள் பனியில் மறைகின்றன. அக்காலத்திலும் சிக்காகோ போன்ற பெருநகரங்களில் கனடா வாத்துக்கள் பெருங்கூட்டமாகத் தங்கியிருக்கின்றன. அவை எவராலும் வளர்க்கப்படுபவை அல்ல, காட்டுப் பறவைகளே. கடுங்குளிரை அவை எங்ஙனம் தாங்குகின்றன என்னும் வினாவுக்கு உடலமைப்பு ஒரு பாதி விடையாகும். குடும்ப அமைப்பு மற்றப் பாதியாகும்.

பறவையின் இயல்பு

கனடா வாத்து நம் நாட்டு வீட்டு வாத்தினும் மிகப் பெரியது. தலையும் நீண்ட கழுத்தும் கறுப்பு. கன்னங்களில் வெண்ணிறத் திட்டு உண்டு. ஆணும் பெண்ணும் நிறத்தில் ஒன்றே. ஆண் சற்றுப் பருத்தது. இதன் முக்கிய உணவு புல்லும் தானியமும் ஆகும். நகரப் பூங்காக்களிலும் விளையாட்டுத் திடல்களிலும் கத்தரித்து வளர்க்கப்படும் இளம்புல் இதற்கு உகந்த மேய்ச்சலாக அமைந்துவிட்டது.

உடல் வெப்பத்தைக் காக்கும் முறை

வாத்தின் உடல் வெப்பம் ஏறத்தாழ 40 டிகிரி சென்டிகிரேடு. வெளியே கடுங்குளிர் நிலவும்போதும் இவ்வளவு குறையாமலிருத்தல் வேண்டும். இதற்கு மூன்று ஏற்பாடுகள் உள்ளன. முதலாவது, மேலிறகுகளின் அடியில் நெருங்கி வளர்ந்துள்ள மென்தூவி. அது காற்றைச் சிறைப்படுத்தி வெப்பம் வெளியேறாமல் தடுக்கிறது. இரண்டாவது, இலையுதிர்காலத்தில் மிகுதியாக உண்டு சேமித்த கொழுப்பு. மூன்றாவது, கால்களிலுள்ள இரத்தக் குழாய்களின் அமைப்பு. பாதத்திற்குச் செல்லும் தமனியும் பாதத்திலிருந்து மீளும் சிரையும் அருகருகே அமைந்திருத்தலால், கீழிறங்கும் இரத்தத்தின் வெப்பம் மேலேறும் இரத்தத்திற்கு மாறிவிடுகிறது. பாதம் உறையாமலிருக்கத் தேவையான வெப்பம் மட்டுமே அதனை அடைகிறது. எனவே வாத்து பனிக்கட்டியின்மேல் நெடுநேரம் நிற்க முடிகிறது. அது ஒரு காலை இறகுக்குள் மடக்கி, அலகை முதுகுத் தூவியில் புதைத்து நிற்பதும் வெப்பச் செலவைக் குறைப்பதற்கே.

ஆயினும் குளிர் ஓர் எல்லையைக் கடந்தபின், உடலைச் சூடாக வைத்திருக்கவே கூடுதலான உணவை எரிக்க வேண்டியுள்ளது. அப்போது பறத்தல் பெருஞ்செலவாகிறது. இரையைத் தேடி அலைவதினும் அசையாமல் கிடப்பதே இலாபம் என்னும் நிலையும் நேர்கிறது. ஆகவே, அருகில் கிடைக்கும் சிறிதளவு உணவில் எப்பறவைக்கு முதலிடம் என்பது உயிர்ப்பிரச்சினையாகிறது.

குடும்பமும் அதன் தகுதியும்

கனடா வாத்துக்கள் பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் ஒரே துணையுடன் கூடி வாழ்கின்றன. துணை இறந்தால் மற்றது பெரும்பாலும் வேறு துணையைத் தேடிக்கொள்கிறது. பெண் ஐந்து அல்லது ஆறு முட்டைகளை இட்டு, ஏறத்தாழ 28 நாட்கள் அடைகாக்கிறது. ஆண் அருகிருந்து காவல் புரிகிறது. பொரித்த ஒரு நாளுக்குள் குஞ்சுகள் நடந்து சென்று தாமே மேயத் தொடங்கும். இரண்டு அல்லது இரண்டரை மாதங்களில் அவற்றுக்குப் பறக்கும் ஆற்றல் வந்துவிடுகிறது.

பல பறவை இனங்களில் பெற்றோரின் கடமை இத்துடன் முடிவடைகிறது. இவ்வினத்திலோ குஞ்சுகள் முதல் குளிர்காலம் முழுவதும் பெற்றோருடன் தங்கி, அடுத்த இளவேனிலில், பெற்றோர் மீண்டும் கூடுகட்டும் தறுவாயில்தான் பிரிகின்றன.

இதனால் விளையும் நன்மை யாது? அமெரிக்க ஆராய்ச்சியாளர் டென்னிஸ் ரேவலிங், இல்லினாய் மாநிலத்தின் தென்பகுதியில் குளிர்காலத்தைக் கழித்த கனடா வாத்துக்களின் பூசல்களை ஆராய்ந்து, 1970-இல் முடிவுகளை வெளியிட்டார். கூட்டத்தில் ஓர் ஒழுங்கான படிவரிசை இருப்பதை அவர் கண்டார். பெரிய குடும்பம் சிறிய குடும்பத்தை விலக்குகிறது. குடும்பம் குஞ்சில்லாத இணையை விலக்குகிறது. இணை தனித்த பறவையை விலக்குகிறது. பூசலில் முன்னிற்பது பெரும்பாலும் தந்தைப் பறவையே. எதிரியை விரட்டியபின் அது கழுத்தை நீட்டிக் குரலெழுப்பியவாறு துணையிடம் திரும்புகிறது. தாயும் குஞ்சுகளும் அம்முழக்கத்தில் சேர்ந்துகொள்கின்றன.

தந்தை தலை நிமிர்ந்து காவல் புரியும் நேரத்தில் குஞ்சுகள் தலை தாழ்த்தி மேய்கின்றன. குளிர்காலத்தில் இவ்வாறு கிடைக்கும் ஒவ்வொரு வேளை மேய்ச்சலும் அவற்றின் கொழுப்புச் சேமிப்பைக் காக்கிறது. உறங்குமிடம், மேய்ச்சலிடம், அவற்றிடையே செல்லும் வழி ஆகியவற்றையும் குஞ்சுகள் பெற்றோரைப் பின்பற்றியே அறிகின்றன. பெற்றோரை இழந்த குஞ்சு படிவரிசையின் அடியில் தள்ளப்படுகிறது.

ராச்செஸ்டர் நகரின் ஏரி

நகரம் இப்பறவைகளுக்குக் குளிர்காலப் புகலிடமானதற்கு மின்னசோட்டா மாநிலத்து ராச்செஸ்டர் நகரின் சில்வர் ஏரி நல்ல சான்று. 1948-இல் அதன் கரையில் மின்சார நிலையம் ஒன்று இயங்கத் தொடங்கியது. அங்கிருந்து வெளிவந்த வெந்நீர் ஏரியின் ஒரு பகுதியை உறையாமல் வைத்திருந்ததால், வாத்துக்கள் அங்கே பெருந்திரளாகக் கூடின. 1962 ஜனவரியில் ஹெரால்ட் ஹான்சன் என்னும் விலங்கியலறிஞரும் உடனிருந்தோரும் அவற்றைப் பிடித்து நிறுத்தனர். எடை மிக அதிகமாயிருந்ததால் தராசின்மீதே ஐயம் எழுந்தது. கடையில் வாங்கிய மாவும் சர்க்கரையும் கொண்டு தராசைச் சோதித்தனர்; அது சரியாகவே இருந்தது. மறைந்துவிட்டதாகப் பலரும் கருதிய இராட்சதக் கனடா வாத்து என்னும் வகை இவ்வாறு மீண்டும் கண்டறியப்பட்டது. அம்மின்சார நிலையம் பிற்காலத்தில் மூடப்பட்டு, வெந்நீர் வரத்தும் நின்றுபோயிற்று.

சிக்காகோவில் கண்டது

சிக்காகோ வட்டாரத்தில் வாத்துக்களுக்கு இடங்காட்டும் கருவிகளைப் பொருத்திச் செய்த ஆராய்ச்சி ஒன்று 2017-இல் வெளியாயிற்று. குளிர் கடுமையானபோது அவை பூங்காக்களை நீங்கி, உறையாத ஆழ்நீர், இரயில்வே கிடங்குகள், கட்டடங்களின் மேற்கூரைகள் ஆகியவற்றை நாடின. அத்தகைய இடங்களில் மனித நடமாட்டம் குறைவு, வேட்டையும் இல்லை. நகர எல்லைக்குள் தங்கிய வாத்துக்கள் யாவும் குளிர்காலத்தைக் கடந்து பிழைத்தன; வெளியேறியவற்றில் ஏறத்தாழப் பாதியே பிழைத்தன. வெளியே அவற்றுக்குப் பெரும் ஆபத்தாக இருந்தது வேட்டை.

இவ்வெற்றி நகர மக்களுக்குத் தொல்லையும் தருகிறது. எச்சத்தால் பூங்காக்கள் அசுத்தமடைகின்றன. விமான நிலையத்தருகே ஆபத்து இன்னும் பெரிது. 2009 ஜனவரி 15-இல் நியூயார்க்கிலிருந்து கிளம்பிய பயணி விமானம் கனடா வாத்துக்களின்மீது மோதி, இரு எஞ்சின்களும் ஆற்றலிழந்து ஹட்சன் ஆற்றில் இறங்கிற்று. அதிலிருந்த 155 பேரும் உயிர் தப்பினர். எஞ்சினிற் சிக்கிய இறகுகளைச் சோதித்ததில், அவை உள்ளூரில் நிலையாக வாழ்பவை அல்ல, வடக்கிலிருந்து வலசை வந்தவை எனத் தெரிந்தது. ஆகவே, உள்ளூர் வாத்துக்களை விரட்டுவதால் மட்டும் இவ்வாபத்து முற்றும் நீங்காது. கடுங்குளிர் நாட்களில் ஓயாது துரத்துவது அவற்றின் சேமிப்பைக் கரைத்து, அவற்றை நகருக்கு வெளியே தள்ளக்கூடும். எங்கே, எந்நாளில், எத்துணை விரட்டலாம் என்பதை முன்கூட்டி ஆராய்ந்தே முடிவு செய்தல் வேண்டும்.

நம் நாட்டில் காணத்தக்கது

கனடா வாத்து இந்தியாவுக்கு வலசை வரும் பறவையன்று. எனினும் அதன் இனத்தொடர்புடைய வரித்தலை வாத்து, மத்திய ஆசியாவிலும் லடாக்கின் உயர்ந்த ஏரிகளிலும் குஞ்சு பொரித்து, குளிர்காலத்தில் இந்தியச் சமவெளிக்கு இறங்குகிறது. இமாசலப் பிரதேசத்தின் போங் நீர்த்தேக்கத்திலும், தமிழ்நாட்டின் கூந்தன்குளத்திலும் அதைக் காணலாம். அதன் குஞ்சுகளும் முதல் குளிர்காலத்தில் பெற்றோருடனேயே வாழ்கின்றன. முதிர்ந்த பறவையின் வெண்தலையில் இரு கரும்பட்டைகள் உண்டு. இளம்பறவைக்கு அவை இல்லை.

களப்பணியாளர்கள் மொத்த எண்ணிக்கையுடன் நின்றுவிடாமல், பட்டையுள்ளவை எத்தனை, இல்லாதவை எத்தனை எனத் தனித்தனியே பதிவு செய்தல் நலம். இளம்பறவைகளின் விகிதம் அவ்வாண்டுப் பெருக்கத்தின் அளவைக் காட்டும். ஆசிரியர்கள் மாணவரைத் தொலைவிலிருந்து ஒரே குடும்பத்தை அரைமணி நேரம் கவனிக்கச் செய்யலாம். எப்பறவை எவ்வளவு நேரம் தலை நிமிர்ந்து நிற்கிறது, எது எதனை விலக்குகிறது, விலக்கப்பட்டது தனித்ததா, குடும்பமுடையதா என்பவற்றை மாணவர் குறித்துக்கொள்ளட்டும். கூட்டத்தை நெருங்கிக் கலைத்தல் கூடாது. கலைந்து பறக்கும்போது இளம்பறவை பெற்றோரைப் பிரிய நேரிடலாம்.