கடைவாசலில் கைத்திறன்: மாட்டுங்காவும் தாராவியும் தரும் பாடம்

கைவினைப் பொருளை விற்பவர் நாள்தோறும் இரண்டு கேள்விகளுக்கு விடையளிக்க வேண்டியுள்ளது. "இது கையால் செய்ததுதானா?" என்பது முதற் கேள்வி. "அப்படியானாலும் இவ்வளவு விலையா?" என்பது இரண்டாவது. முதற் கேள்விக்கு விடை கிடைக்காதபோது, அச்சில் வார்த்த பொருளும் கையில் வனைந்த பொருளும் ஒரே விலைக்கு விற்கின்றன. இரண்டாவது கேள்விக்கு விடை கிடைக்காதபோது, கைவினைஞர் தம் கூலியையே குறைத்துக்கொண்டு விற்கிறார்.

பொருளியலில் இந்நிலைக்கு ஒரு விளக்கம் உண்டு. பொருளின் தரம் விற்பவருக்குத் தெரிந்திருந்தும் வாங்குபவருக்குத் தெரியாதபோது, நல்ல சரக்குக்கு உரிய விலை கிடைக்காமல் அது சந்தையிலிருந்து மெல்ல விலகிவிடும் என்று அமெரிக்கப் பொருளியலறிஞர் ஜார்ஜ் ஆகர்லாஃப் 1970ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையில் எடுத்துக்காட்டினார். இத்துறையில் ஆற்றிய பணிக்காக அவருக்கு 2001ஆம் ஆண்டு நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. பழைய மோட்டார் வண்டிகளின் சந்தையை வைத்து அவர் கூறியது, மண்பானைக்கும் தோற்பைக்கும் பொருந்தும்.

இக்குறையைப் போக்கும் மிகப் பழைய வழி, வாங்குபவர் கண்முன்னே பொருளைச் செய்து காட்டுவதாகும். எனினும் செய்து காட்டினால் மட்டும் போதுமா, எவ்வளவு காட்ட வேண்டும், அதற்கான செலவை யார் ஏற்பது ஆகிய வினாக்கள் எழுகின்றன. மும்பை மாநகரில் ஒன்றையொன்று அடுத்துள்ள மாட்டுங்கா, தாராவி ஆகிய இரு பகுதிகளில் காணப்படும் மூன்று வகைக் கடைகள் இவற்றுக்குத் தெளிவான விடையளிக்கின்றன.

முழுவதும் கண்டு வாங்கும் மாலை

மாட்டுங்கா, தென்னாட்டுக் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் பகுதி. மத்திய ரயில்வே நிலையத்தை ஒட்டிய கடைவீதியில் பித்தளை விளக்குகள், வாழையிலை, காப்பித்தூள், பூசைப் பொருள்கள் ஆகியவற்றுடன் பூக்கடைகளும் வரிசையாக அமைந்துள்ளன. இங்கே கடையும் பட்டறையும் ஒன்றே. கடைக்காரர் பலகையின்மீது அமர்ந்து, உதிரிப் பூக்களைத் தரம் பிரித்து, சரம் தொடுத்து, திருமண மாலையைக் கட்டி முடிப்பது வரை அனைத்தும் தெருவில் நிற்பவர் கண்ணுக்குப் புலப்படுகிறது.

இதன் விளைவாக, வாங்குபவருக்குப் பூ புதியதா என்ற ஐயம் எழுவதில்லை. மாலை கட்டுவதற்கு எவ்வளவு நேரமாகிறது என்பதையும் அவர் காத்திருந்து அறிகிறார். அடர்த்தியாகக் கட்டிய மாலைக்கும் இடைவெளி விட்டுக் கட்டிய மாலைக்கும் விலை ஏன் வேறுபடுகிறது என்று விளக்க வேண்டிய தேவையும் ஏற்படுவதில்லை. மூலப்பொருள், உழைப்பு, நேரம் ஆகிய மூன்றும் ஒரே பலகையில் காட்சிக்கு வந்துவிடுகின்றன. பேரம் நடைபெறலாம், ஆனால் அது அறியாமையால் விளையும் பேரமன்று.

பாதி கண்டு வாங்கும் பானை

மாட்டுங்காவிலிருந்து சிறிது தொலைவிலுள்ள தாராவியின் கும்பார்வாடா, மும்பையின் குயவர் குடியிருப்பு. சௌராஷ்டிரப் பகுதியிலிருந்து வந்த குயவர்கள் முதலில் நகரின் தென்பகுதியில் குடியேறினர். நகரம் வளர வளர அங்கிருந்து அப்புறப்படுத்தப்பட்டு, 1930களில் தாராவிக்கு வந்து சேர்ந்தனர். தண்ணீர்ப் பானைகள், பூந்தொட்டிகள், தேநீர்க் குவளைகள், நவராத்திரிக்கான துளையிட்ட மண்குடங்கள், தீபாவளிக்கான அகல் விளக்குகள் ஆகியவை இங்கு உருவாகின்றன.

குடியிருப்பின் அமைப்பு கவனிக்கத்தக்கது. சாலையை நோக்கிய பக்கம் கடை; அதன் பின்புறம் வீடும் வேலைக்கூடமும்; வரிசைகளுக்கு நடுவே பொது முற்றம்; முற்றத்தில் பல குடும்பங்கள் முறைவைத்துப் பயன்படுத்தும் செங்கற் சூளை. களிமண்ணை ஊறவைத்துக் கல் நீக்குதல், குழைத்துப் பதப்படுத்துதல், சக்கரத்தில் வனைதல், தட்டிச் சீராக்குதல், நிழலில் உலர்த்துதல், சூளையில் அடுக்கிச் சுடுதல், வண்ணம் தீட்டுதல் ஆகிய படிகள் அனைத்தும் இச்சிறு பரப்புக்குள் நிகழ்கின்றன.

வருகையாளர் பெரும்பாலும் நின்று பார்ப்பது சக்கரத்தை மட்டுமே. ஓர் அகல் விளக்கு சில நொடிகளில் உருப்பெறுவதும், நூலால் அறுத்தெடுத்துப் பலகையில் வைக்கப்படுவதும் கண்ணைக் கவரும் காட்சிகளே. ஆனால் இதில் ஒரு தீங்கு மறைந்திருக்கிறது. சில நொடிகளில் உருவான பொருளுக்கு ஏன் இத்தனை ரூபாய் என்று பார்வையாளர் எண்ணத் தொடங்குகிறார். கைத்திறன் மிகுந்தவரின் வேகமே அவருடைய விலைக்கு எதிரான வாதமாகிவிடுகிறது. வேலையைக் காட்டியதால் முதற் கேள்வி தீர்ந்தது. ஒரு பகுதியை மட்டும் காட்டியதால் இரண்டாவது கேள்வி முன்னைவிடக் கூர்மையாயிற்று.

முற்றத்திற்குள் நுழைந்து பார்ப்பவருக்கு இந்த எண்ணம் எழாது. வனைந்த பானை பல நாள் உலர வேண்டும். ஈரம் எஞ்சியிருந்தால் சூளையில் வெடித்துவிடும். மழைக்காலமான ஜூன் முதல் செப்டம்பர் வரை உலர்த்துவது கடினமாதலால், தீபாவளிக்கான சரக்கை முன்கூட்டியே செய்து சேமிக்க முதலும் இடமும் தேவைப்படுகின்றன. சூளையிலிருந்து எடுக்கும்போது சில பானைகள் விரிசலுடன் வெளிவருகின்றன. எடுத்துக்காட்டாக, 100 பானைகளில் 10 பழுதானால், அவற்றுக்கான மண்ணும் எரிபொருளும் உழைப்பும் மீதமுள்ள 90 பானைகளின்மீது ஏறுகின்றன. ஒரு பானையின் அடக்கச் செலவு சுமார் 11 சதவீதம் உயர்கிறது. சக்கரத்தை மட்டும் பார்த்தவருக்கு இந்தக் கணக்கு தெரியாது.

மேலும், சக்கரத்தில் அமர்பவர் பெரும்பாலும் ஆண்களே. மண் பிசைதல், உலர்த்துதல், வண்ணம் தீட்டுதல், விற்பனை ஆகியவற்றில் பெண்களின் பங்கு பெரிது. சக்கரத்தை மட்டும் காட்டும் செயல்விளக்கம், குடும்ப உழைப்பில் ஒரு பாதியைப் பார்வையிலிருந்து மறைத்துவிடுகிறது. காட்சிக்கு வராத உழைப்பு விலையிலும் இடம்பெறுவதில்லை.

காணாமல் வாங்கும் தோற்பை

தாராவியின் மூன்றாவது வகைக் கடை தோற்பொருள் கடை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து திருநெல்வேலிப் பகுதியிலிருந்து வந்த தமிழர்கள் இங்குள்ள தோல் பதனிடும் கூடங்களில் உழைத்தனர். அவர்களால் வேரூன்றிய தொழில், பதனிடும் கூடங்கள் பெரும்பாலும் வெளியேறிய பின்னரும் பைகள், இடுப்பு வார்கள், பணப்பைகள் செய்யும் தொழிலாக நிலைத்தது. பிரதான சாலைகளில் கண்ணாடிக் கதவுகளுடன் விளங்கும் கடைகளில் இவை விற்பனையாகின்றன.

ஆனால் தைப்பவர் கடையில் இல்லை. மாடியிலோ பின்சந்திலோ அமைந்த சிறு அறையில், துண்டுக் கணக்கில் கூலி பெற்றுத் தைக்கிறார். தோலின் எந்தப் பகுதி உறுதியானது, விளிம்பை ஏன் சீவி மெலிதாக்க வேண்டும், தையல் எங்கே இரட்டையாக ஓட வேண்டும் என்பன அவருக்குத் தெரியும். வாங்குபவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. எனவே அசல் தோற்பையும் தோல்போல் தோன்றும் செயற்கைப் பையும் ஒரே பேரத்திற்கு உள்ளாகின்றன. அதே பை வேறொரு வணிகப் பெயருடன் பெரிய அங்காடியில் பன்மடங்கு விலைக்கு விற்கும்போது, அந்தக் கூடுதல் விலையில் தைத்தவருக்குப் பங்கு கிடைப்பது அரிது.

முழுவதும் காணப்படும் மாலை, பாதி காணப்படும் பானை, காணப்படாத பை ஆகிய மூன்றையும் ஒப்பிட்டால் ஓர் உண்மை புலனாகிறது. உழைப்பில் எந்த அளவு கண்ணுக்குப் புலப்படுகிறதோ, அந்த அளவே விலையில் தன் இடத்தைக் கேட்டுப் பெற முடிகிறது.

நாடு கண்ட முயற்சிகள்

கைவினைஞரை வாங்குபவர் முன் அமர்த்த வேண்டும் என்ற கருத்து நம் நாட்டுக்குப் புதிதன்று. 1952இல் அமைக்கப்பட்ட அகில இந்தியக் கைவினைப் பொருள் வாரியத்திற்குத் தலைமை ஏற்ற கமலாதேவி சட்டோபாத்தியாய இத்திசையில் பெரிதும் உழைத்தார். புதுதில்லி பிரகதி மைதானத்திலுள்ள கைவினை அருங்காட்சியகத்தில், பல மாநிலக் கைவினைஞர்கள் வந்து தங்கித் தம் தொழிலைச் செய்து காட்டி, பொருள்களைத் தாமே விற்கும் முறை ஏற்பட்டது. 1994இல் தொடங்கப்பட்ட தில்லி ஹாட்டில் கடைகள் குறுகிய காலத்திற்குச் சுழற்சி முறையில் ஒதுக்கப்படுகின்றன. சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில், தென்மாநிலங்களின் மரபு வீடுகளுக்கிடையே குயவரும் நெசவாளரும் பார்வையாளர் முன் பணிபுரிகின்றனர்.

தாராவியிலேயே 2016ஆம் ஆண்டின் தொடக்கத்தில் புதுமையான முயற்சி ஒன்று நடைபெற்றது. ஹோர்ஹே மான்யெஸ் ரூபியோ, அமண்டா பினாட்டி ஆகிய இருவர் 'டிசைன் மியூசியம் தாராவி' என்ற பெயரில் ஒரு நடமாடும் அருங்காட்சியகத்தை அமைத்து, தாராவிக் கைவினைஞரின் பொருள்களைத் தாராவித் தெருக்களிலேயே காட்சிக்கு வைத்தனர். செய்பவரின் அண்டை அயலாரே அவருடைய திறனைப் புதிய கண்ணோடு பார்க்க இது வாய்ப்பளித்தது.

இம்முயற்சிகளின் பயனை மறுக்கவியலாது. ஆயினும் கண்காட்சிக் கடைக்குள் சக்கரத்தைக் கொண்டுவரலாம். சூளையைக் கொண்டுவர முடியாது. கைவினைஞர் வந்து அமரும் நாள்களில் அவருடைய வழக்கமான உற்பத்தி நின்றுவிடுகிறது. அந்த இழப்பை ஈடுசெய்யும் நாட்படி இல்லாவிட்டால், செய்து காட்டுதல் அவருக்கு ஒரு சுமையே.

மறுசீரமைப்பும் சூளையும்

இப்பின்னணியில் தாராவி மறுசீரமைப்புத் திட்டம் தனிக் கவனத்திற்குரியது. பல ஆண்டு முயற்சிகளுக்குப் பின் 2022 நவம்பரில் ஒப்பந்தப் புள்ளிகள் திறக்கப்பட்டன. 2023இல் மகாராஷ்டிர அரசு திட்டப் பணியை ஒப்படைத்தது. 2000ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் நாளுக்கு முன்பிருந்து தரைத்தளத்தில் குடியிருக்கும் தகுதியுடைய குடும்பங்களுக்கு 350 சதுர அடி வீடு வழங்கப்படும் என்று 2024 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. கழிப்பிடம், குடிநீர், காற்றோட்டம் ஆகியவற்றுக்கு ஏங்கும் குடும்பங்களுக்கு இது சிறு செய்தியன்று.

அதே வேளையில், அடுக்குமாடி வீட்டில் குயவரின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். மின்சாரத்தால் சுழலும் சக்கரத்தை ஓர் அறையில் வைத்துவிடலாம். ஈரப்பானைகளைப் பரப்பும் முற்றமும் சூளையும் மேல்மாடிக்கு ஏறா. வீடு, கூடம், சூளை, கடை ஆகியவை வெவ்வேறிடங்களில் பிரிந்தால், ஏற்றியிறக்கும் செலவும் உடைசேதமும் கூடும். இடையிடையே உழைக்கும் பெண்களின் பங்கு குறையும். வாங்குபவர் முழுத் தொழிலையும் காணும் வாய்ப்பும் மறையும்.

மறுபுறம், பஞ்சுக் கழிவையும் துணித் துண்டுகளையும் எரிக்கும் சூளைகளின் புகை அங்கு வாழும் குழந்தைகளையும் முதியோரையும் வருத்துகிறது என்பதும் உண்மை. முற்றத்தை இருந்தபடியே காப்பது தீர்வாகாது. முற்றத்தைக் காத்துப் புகையை நீக்குவதே தீர்வாகும். எரிவாயுச் சூளை அதற்கு ஒரு வழி. தனிக் குடும்பத்தால் தாங்க முடியாத அதன் விலையைக் கூட்டுறவு முறையில் பகிர்ந்துகொள்ளலாம். பொதுச் சூளையை முறைவைத்துப் பயன்படுத்தும் பழக்கம் அங்கு ஏற்கெனவே வேரூன்றியுள்ளது.

செய்யத்தக்கவை

2023 செப்டம்பர் 17ஆம் நாள் தொடங்கப்பட்ட பிரதமரின் விஸ்வகர்மா திட்டத்தில் இடம்பெற்ற 18 தொழில்களில் குயவர், மாலை கட்டுவோர், காலணி செய்வோர் ஆகியோரின் தொழில்களும் அடங்கும். பயிற்சிக் காலத்தில் நாளொன்றுக்கு 500 ரூபாய் உதவித்தொகை, கருவிகளுக்கு 15,000 ரூபாய், இரு தவணைகளில் 3 லட்சம் ரூபாய் வரை 5 சதவீத வட்டியில் கடன் ஆகியவற்றுக்கு இத்திட்டம் வகை செய்கிறது. பயிற்சி பெறும் நாளுக்கு உதவித்தொகை உண்டு என்ற நெறியை, பிறருக்குச் செய்து காட்டும் நாளுக்கும் விரிவுபடுத்துவது பொருத்தமாகும்.

இதனுடன் மூன்று எளிய ஏற்பாடுகள் பயன் தரும். முதலாவதாக, செயல்விளக்கம் நடைபெறும் இடங்களில் தொழிலின் எல்லாப் படிகளும் வரிசையாகக் காட்டப்பட வேண்டும். சூளையைக் கொண்டுவர இயலாத இடத்தில், பிசைந்த மண், ஈரப்பானை, உலர்ந்த பானை, வெடித்த பானை, சுட்ட பானை ஆகிய ஐந்தையும் அருகருகே வைத்தாலே போதும். இரண்டாவதாக, தோற்பொருள் கடைகளின் முகப்பில் ஒரு தையல் மேசைக்கு இடமளித்து, பொருளின்மீது செய்தவர் பெயரைப் பொறிக்கும் வழக்கம் ஊக்குவிக்கப்பட வேண்டும். மூன்றாவதாக, மறுசீரமைப்பில் கும்பார்வாடாவை வீடுகளின் எண்ணிக்கையாக மட்டும் கணக்கிடாமல், முற்றமும் சூளையும் கடையும் சேர்ந்த ஓர் உற்பத்தி அமைப்பாகக் கருதித் தரைத்தளத்தில் இடம் ஒதுக்க வேண்டும்.

தைத் திங்களில் தாராவித் தெருக்களில் தமிழ்க் குடும்பங்கள் பானை வைத்துப் பொங்கலிடுகின்றன. ஐப்பசியில் மும்பையின் வீட்டு வாசல்களில் அகல் விளக்குகள் ஒளிர்கின்றன. அந்தப் பானையும் விளக்கும் எத்தனை கைகளைக் கடந்து வந்தன என்பதை வாங்குபவர் ஒருமுறை நேரில் கண்டுவிட்டால், விலையைக் குறித்த பேச்சு வேறு விதமாக அமையும். அவ்வாறு காணும் வாய்ப்பை நகரமைப்பில் நிலைபெறச் செய்வது, கைவினைஞருக்கு வழங்கும் எந்த மானியத்திற்கும் குறைந்த உதவியன்று.