வெறும் எண்ணிக்கை

அன்புள்ள கயல்,

வானத்திலிருந்து வரும் நியூட்ரினோவைப் பிடிக்க எதற்கு மாமா பாதாளத்துக்குப் போகிறார்கள் என்று கேட்டிருந்தாய். இதை எழுதும்போதே என் கட்டைவிரல் நகத்தின் மேல் நிமிடத்துக்கு ஒன்று என்கிற கணக்கில் மியூவான்கள் விழுந்துகொண்டிருக்கின்றன. காஸ்மிக் கதிர்கள் காற்றில் மோதிப் பிறப்பவை அவை. நியூட்ரினோவோ பூமியையே துளைத்துக்கொண்டு போய்விடும். எப்போதோ ஒன்று பாறையில் மோதி மியூவானை உண்டாக்கினால்தான் அது வந்த தடயமே கிடைக்கும். தேர்த் திருவிழா மேளத்துக்கு நடுவே கொலுசுச் சத்தத்தைத் தேடுவது போலத்தான். மேளத்தை அடக்கப் பாறை வேண்டும். எவ்வளவு பாறை?

அதை அளந்துதான் சொல்ல முடியும். நம் ஆட்கள் தலைமுறை தலைமுறையாக இறங்கி உழைத்த கோலார் தங்கவயலில் அந்த அளவீடு நடந்தது என்பதில் எனக்குப் பெருமை. 1960-களின் தொடக்கத்தில் மியாகே, நரசிம்மம், ரமணமூர்த்தி என்ற இயற்பியலாளர்கள் மூவரும் பல ஆழங்களில் கருவி வைத்து மியூவான்களை எண்ணினார்கள். இறங்க இறங்க எண்ணிக்கை சரிந்தது. 2,700 மீட்டருக்கும் கீழே கருவி இரண்டு மாதம் விழித்திருந்தும் ஒன்றுகூடப் பதிவாகவில்லை. யாராவது அதைத் தோல்வி என்று நினைத்திருக்கலாம். எனக்கோ அந்த ஆராய்ச்சியிலேயே மிக அழகான எண் அந்தப் பூஜ்யம்தான். நியூட்ரினோவைத் தேட இடம் அமைந்துவிட்டதே!

ஆனால் பாறையும் சும்மா இருக்காது. அதிலுள்ள யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஓயாமல் காமா கதிர்களை உமிழும். அதனால் நியூட்ரினோவைத் தேடிய கோலார் குழுவினர் பிளாஸ்டிக் ஒளிர்பலகைகளை இரண்டு சுவர்களாக நிறுத்தி, நடுவே ஈயத் தகடுகள் வைத்தார்கள். இரண்டு சுவரும் ஒரே கணத்தில் மின்னினால்தான் கணக்கு. காமா கதிர் ஈயத்தில் மாட்டிக்கொள்ளும், மியூவான் கடந்துவிடும். சுவர்களைச் செங்குத்தாக நிறுத்தியதற்கும் காரணம் உண்டு: மேலிருந்து தப்பி வரும் மியூவான் பெரும்பாலும் நேர்கீழாக இறங்கும். பக்கவாட்டில் வருவது நியூட்ரினோவின் பிள்ளை.

அதே தங்கவயலில் சுமார் 2,300 மீட்டர் ஆழத்தில், 1965 ஏப்ரலில், அப்படி ஒன்று வந்தது. தென்னாப்பிரிக்கச் சுரங்கமொன்றில் ரெய்னஸ் என்ற இயற்பியலாளரின் குழுவினர் அப்படி ஒன்றைப் பிப்ரவரியிலேயே பார்த்துவிட்டிருந்தார்கள். ஆனால் கட்டுரையை முதலில் அச்சில் கொண்டுவந்தது கோலார் குழு.

பாறை சும்மா இருக்காது என்பதை நீயே சோதித்துப் பார்க்கலாம். உன் கல்லூரி ஆய்வகத்தில் கெய்கர் கருவி இருந்தால், அருகில் எதையும் வைக்காமல் பத்து நிமிடம் எண்ணிக் குறித்துக்கொள். பிறகு ஒரு கருங்கல் துண்டை வைத்து அதே பத்து நிமிடம் எண்ணு. இரண்டு எண்ணையும் எனக்கு எழுது.

அன்புடன்,
மாமா