இருப்பதைக் கெடுக்காமல் புதியதைச் சேர்ப்போம்

கடை மடிகணினி பழையதாகிவிட்டது, புதிது வாங்க வேண்டும் என்று பல வியாபாரிகள் சொல்லக் கேட்கிறேன். காரணம் இல்லாமல் இல்லை. விண்டோஸ் 10இற்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11ஐயோ பழைய இயந்திரங்கள் பல ஏற்பதில்லை.

எனது மடிகணினி 2017இல் வாங்கியது. இன்றும் நன்றாகவே ஓடுகிறது. கணக்கு மென்பொருளும் பில் அடிக்கும் பிரின்டரும் விண்டோஸில் மட்டுமே வேலை செய்வதால் அதை நீக்க முடியாது. வங்கி அலுவலுக்கும் ஈமெயிலுக்கும்தான் பாதுகாப்பான ஓர் இடம் தேவைப்பட்டது. ஆகவே விண்டோஸை அப்படியே வைத்துக்கொண்டு, பக்கத்தில் லினக்ஸ் மின்ட்டைச் சேர்த்தேன். அது இலவசம். கணினியைப் போட்டதும் எதற்குள் போவது என்று ஒரு பட்டியல் வரும், தெரிவு செய்ய வேண்டியதுதான்.

ஆனால் நான் அவசரப்பட்டேன். பென் ட்ரைவிலிருந்து இயக்குவதற்காகக் கணினியின் ஆரம்ப அமைப்பை மாற்றினேன். திரும்ப விண்டோஸுக்குப் போனால், நீலத் திரையில் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டது! மூன்று வருடக் கடன் கணக்கு உள்ளே. வேறு பிரதி கிடையாது. இரவு முழுக்கத் தூக்கமில்லை. காலையில் கட்டாரிலுள்ள மகனுக்கு அழைத்தேன். "வாப்பா, நான்தானே அதை செட் பண்ணித் தந்த. என்ட ஈமெயில் கணக்கில இருக்கும்" என்றார். இருந்தது, அல்ஹம்துலில்லாஹ். தவறு என்னுடையதே.

அந்த அனுபவத்திலிருந்து, செய்ய வேண்டியதை ஒழுங்காகத் தருகிறேன்.

1. கணக்குக் கோப்புகளை வெளி ஹார்ட் டிஸ்கில் பிரதி எடுங்கள். இன்னொரு கணினியில் அது திறக்கிறதா என்றும் பாருங்கள். திறந்து பார்க்காத பிரதி, எண்ணிப் பார்க்காத பணம் மாதிரி.

2. பிட்லொக்கர் பூட்டு உள்ளதா என்று பாருங்கள். இருந்தால் மீட்புச் சாவியைக் கொப்பியில் எழுதி வையுங்கள். பின்னர் விண்டோஸுக்குள்ளேயே பூட்டை நீக்கி, முழுமையாக நீங்கும் வரை பொறுத்திருங்கள்.

3. விண்டோஸின் டிஸ்க் மெனேஜ்மென்ட் மூலம் இடத்தைச் சுருக்கி ஒதுக்குங்கள். மின்ட்டுக்குக் குறைந்தது 20 ஜிபி வேண்டும், 100 இருந்தால் நல்லது. "ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்" வசதியையும் நிறுத்துங்கள். அது இயங்கினால் விண்டோஸ் முழுமையாக மூடப்படாது.

4. வெறும் பென் ட்ரைவ் ஒன்றில் மின்ட்டை ஏற்றுங்கள். அதிலுள்ளவை அழியும். முதலில் நிறுவாமல் அதிலிருந்தே இயக்கி வைஃபை, கீபோர்ட், சத்தம் எல்லாம் சரியா என்று பாருங்கள்.

5. நிறுவும்போது விண்டோஸுடன் சேர்த்து நிறுவும் தெரிவையே அழுத்துங்கள். டிஸ்கை அழித்து நிறுவும் தெரிவும் அருகிலேயே இருக்கும். அதை அழுத்தினால் எல்லாம் போய்விடும். சேர்த்து நிறுவும் தெரிவு தென்படாவிட்டால் நிறுத்திவிட்டு, தெரிந்தவரைக் கேளுங்கள்.

முடிந்த பின் கடிகாரத்தைப் பாருங்கள். இரண்டும் நேரத்தை வெவ்வேறு விதமாகக் கணிப்பதால், சில கணினிகளில் விண்டோஸ் நேரம் ஐந்தரை மணி பிந்தும். அதிகாலையில் அடிக்கும் பில்லில் முந்தைய நாள் திகதி விழும்.

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுமாறு அல்குர்ஆன் சூரா பகராவின் 282ஆவது வசனத்தில் பணிக்கிறது. எழுதுவதோடு கடமை முடிந்ததா? அதில் பிறருடைய கணக்கும் இருக்கிறது, அது நம்மிடமுள்ள அமானிதம். இயங்குதளம் போனால் மீண்டும் நிறுவலாம். கணக்குப் போனால் எதைக் காட்டிக் கேட்பது? ஆகவே இன்றே ஒரு பிரதி எடுங்கள். மற்ற வேலை நாளைக்கு, இன்ஷா அல்லாஹ்.