பானகக் கைங்கரியம்

சித்திரைத் திங்கள் பிறந்துவிட்டால் பாண்டிய நாட்டு வெயிலின் கொடுமையை எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அத்தகைய வெயிலில்தான் திருமாலிருஞ்சோலை எம்பெருமான் மலையை விட்டு இறங்கி மாமதுரைக்கு எழுந்தருளுகின்றான். மூன்றுமாவடியில் எதிர்சேவை, தல்லாகுளத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் நாச்சியார் சூடிக்கொடுத்த மாலையை ஏற்றருளுதல், சித்திரைப் பௌர்ணமி விடியலில் தங்கக் குதிரை வாகனத்தில் வைகையில் இறங்குதல் என நிகழ்ச்சிகள் தொடர்கின்றன. வழிநெடுக நூற்றுக்கணக்கான மண்டகப்படிகளிலும் தண்ணீர்ப் பந்தல்களிலும் அடியார்களுக்கு நீர்மோரும் பானகமும் வழங்கப்படுகின்றன. திருநகர், திருப்பரங்குன்றம் முதலிய தென்பகுதி மக்களும் இவ்விழாவில் ஒன்றியவர்களே. திருப்பரங்குன்றத்துப் பவளக்கனிவாய்ப் பெருமாள் அன்றோ மீனாட்சி திருக்கல்யாணத்திற்கு எழுந்தருளித் தாரை வார்த்துக் கொடுக்கின்றார்!

பானகம் என்பது வெல்லம் கரைத்த தண்ணீர்தானே, இதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கின்றது என்று சிலர் எண்ணக்கூடும். எளிய பொருளே ஆயினும், நூற்றுவர்க்கும் ஆயிரவர்க்கும் ஒரே பாத்திரத்திலிருந்து வழங்கப்படும்போது அது பெரும் பொறுப்பாகி விடுகின்றது. நன்கு செய்தால் களைப்பைத் தீர்க்கும்; கவனமின்றிச் செய்தால் நோயைக் கொடுக்கும். ஆதலின் அதன் கருத்தையும் செய்முறையையும் கைங்கரியம் செய்வோர் அறிந்திருத்தல் நலம்.

பரிவின் வடிவம்

பானகம் ஸ்ரீராமநவமிக்கும் ஸ்ரீநரசிம்ம ஜயந்திக்கும் உரிய நிவேதனம். கோடையில் அவதரித்த குழந்தை இராமனுக்கு நீர்மோர், பானகம், கோசுமல்லி ஆகியவற்றை அமுது செய்வித்து, வந்தவர்களுக்கு விசிறியும் வழங்குவது இல்லங்களில் தொன்றுதொட்ட வழக்கம். இரணியனைப் பிளந்த சீற்றம் தணியாத சிங்கப்பெருமானைக் குளிர்விக்கவே பானகம் சமர்ப்பிக்கப்படுகின்றது என்பர் பெரியோர். ஆந்திர நாட்டு மங்களகிரியில் எழுந்தருளியுள்ள நரசிம்மருக்குப் பானகால சுவாமி என்றே திருநாமம். அங்கே பானகத்தைச் சங்கினால் எம்பெருமானின் திருவாயிலேயே சேர்ப்பிக்கின்றனர். அவன் பாதியை ஏற்று மீதியை அடியார்களுக்கு அருளுகின்றான் என்பது அத்தலத்தார் நம்பிக்கை. மதுரைக்கு அருகிலும் ஆனைமலை அடிவாரத்தில், கி.பி. 770-ஆம் ஆண்டில் பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சரான மாறன்காரி குடைவித்த நரசிங்கப் பெருமாள் கோயில் உள்ளது.

உலகையெல்லாம் காக்கும் பரம்பொருளுக்கு வெயில் உறைக்குமோ, தாகம் எடுக்குமோ என்று வினவலாம். அதற்கு விடை தந்த ஊரும் இம்மதுரையே. வல்லபதேவ பாண்டியனின் அவையில் பரதத்துவத்தை நிலைநாட்டி, யானைமீது பவனி வந்த பெரியாழ்வார், கருடன்மேல் காட்சி கொடுத்த எம்பெருமானிடம் வரம் ஒன்றும் வேண்டவில்லை. இத்தனை அழகுக்குக் கண்ணேறு படுமோ என்று அஞ்சித் திருப்பல்லாண்டு பாடினார் என்பது குருபரம்பரை கூறும் வரலாறு. ஆற்றலை மறந்து அழகையும் மென்மையையுமே கண்டு கவலைப்படும் இந்த நிலைக்குப் ‘பரிவு’ என்று பெயர். அப்பரிவே ஒரு குவளை பானகமாக வடிவெடுக்கின்றது.

எம்பெருமானிடம் காட்டும் பரிவு அவன் அடியாரிடமும் சென்று சேர வேண்டும் என்பது ஸ்ரீவைஷ்ணவ சித்தாந்தத்தின் உயிர்நிலை. ஆகவே பெருமாள் அமுது செய்த பானகத்தை அடியார்க்கு வழங்குமிடத்தும் அதே கவலை இருத்தல் வேண்டும். கள்ளழகர் உற்சவத் திருமேனிக்கு நூபுர கங்கைத் தீர்த்தத்தாலன்றி வேறு நீரால் திருமஞ்சனம் செய்வதில்லை. எம்பெருமானுக்கு நீரைத் தேர்ந்தெடுப்பவர்கள், அவனைக் காண வந்தவர்களுக்கு ஏதோ ஒரு நீரைக் கொடுக்கலாகுமோ?

வேண்டும் பொருள்கள்

ஒருவருக்கு 150 மில்லி லிட்டர் வீதம் நூறு பேருக்குப் பதினைந்து லிட்டர் பானகம் வேண்டும். அதற்குரிய அளவுகளாவன: வெல்லம் ஒன்றரைக் கிலோ; தண்ணீர் பதினான்கு லிட்டர்; சாறுள்ள எலுமிச்சம்பழம் பதினைந்து முதல் இருபது வரை; சுக்குப்பொடி 30 கிராம்; ஏலக்காய் 10 கிராம்; மிளகு 10 கிராம்; பச்சைக் கற்பூரம் ஒரு மிளகளவு; திருத்துழாய் ஒரு கைப்பிடி. ஐந்நூறு பேருக்கு இவற்றை ஐந்தால் பெருக்கிக்கொள்ளலாம். வீட்டில் ஒரு லிட்டர் செய்வோர்க்கு நூறு கிராம் வெல்லமும், ஒரு பழமும், ஒரு சிறு கரண்டி சுக்குப்பொடியும், மூன்று ஏலக்காயும், ஐந்தாறு மிளகும் போதும்.

வெல்லத்தின் நிறத்தைக் கண்டு மயங்கலாகாது. பொன்னிறமாகப் பளபளப்பது பெரும்பாலும் வெளுப்பதற்கான இரசாயனம் கலந்து காய்ச்சியதாக இருக்கும். சற்றுக் கறுத்த பழுப்பு நிற வெல்லமே ஏற்றது. பச்சைக் கற்பூரம் வேறு, ஆரத்திக்கு ஏற்றும் சூடம் வேறு. சூடத்தை ஒருபோதும் உணவில் சேர்த்தல் கூடாது. பச்சைக் கற்பூரமும் அளவு மிஞ்சினால் நஞ்சாகும். சிறு குழந்தைகளுக்கு வலிப்பை உண்டாக்கவல்லது. ஆகவே மணத்துக்காக மேலும் மேலும் சேர்ப்பது தவறு.

செய்முறை

முதலாவது, தண்ணீர். விழா நாளுக்கு முதல்நாள் மாலையே நீரைத் தளதளவென்று கொதிக்கவைத்து, மூடி ஆறவைக்க வேண்டும். வெயிலில் நின்ற தொட்டி நீரையோ, எங்கிருந்து வந்தது என்று தெரியாத நீரையோ அப்படியே பயன்படுத்தலாகாது. குளிர்ச்சிக்கு மண்பானையே போதுமானது. பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் நீரின் வெப்பத்தைக் கவர்ந்து செல்வதால் அது குளிர்கின்றது. கடையில் வாங்கும் பனிக்கட்டிப் பாளங்கள் பல, மீன் முதலியவற்றைப் பதப்படுத்துவதற்கென்றே செய்யப்பட்டவை. குடிநீரில் உறையவைத்தது என்ற உறுதியின்றி அவற்றைப் பானகத்தில் இடுவது, காய்ச்சிய நீரை மீண்டும் கெடுப்பதாகும்.

இரண்டாவது, வெல்லம். அதைத் தட்டி, இரண்டு லிட்டர் வெந்நீரில் கரைத்து, தூய வெள்ளைத் துணியில் வடிகட்ட வேண்டும். மணலும் சக்கைத் தூளும் அடியில் நிற்கும். வடிகட்டியதை ஒரு கொதி கொதிக்கவைத்து ஆறவைத்தால், வெல்லத்துடன் வந்த நுண்ணுயிர்களில் பெரும்பாலானவை அழியும்.

மூன்றாவது, சுக்கு, மிளகு, ஏலக்காய் ஆகியவற்றைப் பொடித்து, வெதுவெதுப்பான பாகில் கலந்து அரைமணி நேரம் ஊறவிடுதல். பின்னர் ஆறிய நீர் முழுவதையும் சேர்க்க வேண்டும். எலுமிச்சைச் சாற்றைக் கடைசியாகவே சேர்த்தல் வேண்டும். சூட்டில் சேர்த்தால் மணம் போவதோடு அதிலுள்ள வைட்டமின் ‘சி’ சத்தும் குறையும். விதையும் தோலும் விழுந்து ஊறினால் கசக்கும். பச்சைக் கற்பூரத்தைச் சிறிது வெல்லத் தூளுடன் நுணுக்கிக் கலந்து, திருத்துழாய் சேர்த்துச் சமர்ப்பிக்கலாம்.

பாத்திரத்திலும் கருத்து வேண்டும். ஈயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரங்களில் எலுமிச்சைப் புளிப்பு பட்டால் உலோகம் கரைந்து களிம்பேறும். எவர்சில்வர் அல்லது மண்பாண்டமே தக்கது. தமிழகத்தில் 2019-ஆம் ஆண்டு ஜனவரி முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் குவளைகள் தடை செய்யப்பட்டுள்ளன. கழுவிப் பயன்படுத்தும் டம்ளர்களோ தொன்னைகளோ வைத்துக்கொள்ளலாம். டம்ளரானால் ஒவ்வொருவருக்கும் கழுவியே கொடுக்க வேண்டும். ஒரே வாளித் தண்ணீரில் முக்கி எடுப்பது கழுவுதல் ஆகாது.

புளியும் மாங்காயும்

எலுமிச்சை ஒன்றே பானகத்துக்கு உரியது என்பதன்று. மதுரைச் சீமைக் கிராமங்களில் புளியைக் கரைத்து, வெல்லமோ கருப்பட்டியோ சேர்த்து, சுக்கும் சிட்டிகை உப்பும் இட்டுச் செய்வதைப் ‘பானக்கரம்’ என்பர். ஒரு லிட்டருக்கு ஓர் எலுமிச்சை அளவு பழம்புளி போதும். சித்திரையில் கிடைக்கும் மாங்காயை வேகவைத்து, சதையைப் பிசைந்து வடிகட்டி, வெல்லமும் சீரகப்பொடியும் சேர்த்தும் பானகம் செய்யலாம். பதினாறாம் நூற்றாண்டினதான பாவப்பிரகாசம் என்னும் ஆயுர்வேத நூலும் மா, புளி, எலுமிச்சைப் பானகங்களைக் கூறுகின்றது.

காலம் தாழ்த்தலாகாது

பானகத்தில் மிக முக்கியமான விதி, செய்த பொழுதிலேயே செலவிடுதல். வெல்ல நீர் வெப்பத்தில் நின்றால், காற்றிலும் பழத்தோலிலும் உள்ள ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் அதிலுள்ள சர்க்கரையை உண்டு, சாராயப் பொருளையும் கரியமில வாயுவையும் வெளிவிடும். ஆயுர்வேத வைத்தியர்கள் வெல்லக் கரைசலைச் சாடியில் அடைத்து ஊறவைத்து அரிஷ்டம், ஆசவம் ஆகியவற்றைச் செய்வதும் இந்த இயல்பைக் கொண்டே. மருந்துக்கு அது பொருந்தும், நிவேதனத்திற்குப் பொருந்தாது. நேற்றுப் பானகமாக இருந்தது இன்று மதுவாகும் வழியில் நிற்கின்றது! காலையில் செய்ததை நண்பகலுக்குள் வழங்கிவிட வேண்டும். மாலைக்கு வேண்டுமாயின் புதிதாகச் செய்ய வேண்டும். பழையதில் புதியதைக் கலந்தால் புதியதும் கெடும். நுரை கட்டினாலோ, புளித்த வாடை வீசினாலோ, நாவில் சுருக்கென்றாலோ தயங்காது கொட்டிவிடுக. பிரசாதத்தை வீணாக்கலாமோ என்ற தயக்கம் எழக்கூடும். அளவறிந்து செய்யாததே குற்றம். கெட்டதைக் கொட்டுவது குற்றமன்று.

உடலுக்கு என்ன செய்கின்றது?

வியர்வையால் உடலினின்று நீரும் உப்பும் வெளியேறுகின்றன. பானகம் நீரைத் தருகின்றது. இனிப்பு உடனடித் தெம்பைத் தருகின்றது. ஆனால் பெருமாளுக்குச் சமர்ப்பிக்கும் பானகத்தில் பொதுவாக உப்புச் சேர்ப்பதில்லை. அக்குறையை உப்பிட்ட நீர்மோர் நிரப்புகின்றது. இரண்டையும் சேர்த்து வழங்கும் வழக்கம் எத்துணை பொருத்தமானது என்பது இதனால் விளங்கும்.

எனினும் பானகம் மருந்தன்று. வயிற்றுப்போக்குக்கு உலக சுகாதார நிறுவனம் 2002-இல் திருத்தியமைத்த உப்புச்சர்க்கரைக் கரைசலில் ஒரு லிட்டருக்கு குளுகோஸ் 13.5 கிராம், உப்பு 2.6 கிராம், இவற்றோடு வேறிரு உப்புகளும் உள்ளன. பானகத்திலோ லிட்டருக்கு நூறு கிராம் வெல்லம் உள்ளது. இத்தனை இனிப்பு குடலினுள் நீரை இழுத்து வயிற்றுப்போக்கை மிகுவிக்கும். ஆகவே வயிற்றுப்போக்கு உள்ளவர்க்கு அக்கரைசலையே கொடுக்க வேண்டும். வெயிலில் நினைவிழந்து விழுந்தவர் வாயில் எதையும் ஊற்றலாகாது. நிழலில் கிடத்தி, உடலை நீரால் நனைத்து விசிறி, 108 ஆம்புலன்ஸை அழைப்பதே முறை.

வெல்லம் சர்க்கரை நோயாளிக்குத் தீங்கு செய்யாது என்று பலர் எண்ணியிருக்கின்றனர். அது பிழை. ஒரு குவளைப் பானகத்தில் பதினைந்து கிராம், அதாவது ஏறத்தாழ மூன்று சிறு கரண்டி வெல்லம் உள்ளது. அத்தகையோர் தீர்த்தம்போல் உள்ளங்கையில் சிறிது ஏற்றுக்கொண்டு, தாகத்துக்கு நீர்மோர் பருகலாம். பிரசாதத்தின் பெருமை அளவில் இல்லை. பந்தலில் நிற்பவர், “மோர் வேண்டுமா, பானகம் வேண்டுமா?” என்று ஒரு சொல் கேட்டுக் கொடுப்பது பேருதவியாகும்.

அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் செம்பில் நாட்டுச் சர்க்கரை நிரப்பி, வாழையிலையால் மூடி, அதன்மேல் சூடமேற்றி எம்பெருமானை வரவேற்பது இந்நாட்டு மக்களின் வழக்கம். இனிப்பை அவனுக்குக் காட்டி, பின்னர் அனைவர்க்கும் பகிர்ந்தளிக்கின்றனர். பானகக் கைங்கரியமும் அத்தகையதே. யார் என்ன குலம், எந்த ஊர் என்று வினவாமல், வெயிலில் நடந்து வருபவர் எவராயினும் அவரை அழகனைக் காண வந்தவர் என்ற ஒரே உறவால் நோக்கி, தூய நீரில் செய்த பானகத்தைத் தூய குவளையில் அளித்தால், அந்தக் குளிர்ச்சி எம்பெருமானின் திருவுள்ளத்தையே சென்று சேரும் என்பது திண்ணம்.