அரிப்பை அடக்குமுன் தோலைச் சுரண்டிப் பாருங்கள்

குட்டி நாய் ஓயாமல் சொறிந்தால் பெரும்பாலான வீடுகளில் முதலில் எடுப்பது, யாருக்கோ வாங்கி மீந்துபோன தோல் களிம்பைத்தான். ஜூன் முதல் செப்டம்பர் வரை புழுங்கும் கொல்கத்தாவில் இதற்கு ஒரு சமாதானமும் தயாராக இருக்கிறது: வேர்க்குரு, மழை நின்றால் போய்விடும். ஆனால் நாய்க்கு உடம்பெங்கும் நம்மைப்போல் வியர்ப்பதில்லை. வியர்வை பெரும்பாலும் பாதங்களில்தான், ஆகவே வேர்க்குரு என்ற கணிப்பே நிற்காது. ஈரக்காற்று பாக்டீரியாவுக்கும் உண்ணிக்கும் வசதி செய்கிறது, அவ்வளவுதான். அரிப்பு நின்றதால் நோய் தீர்ந்தது என்று எண்ணுவதுதான் இளம் நாய்களின் தோலை அதிகம் கெடுக்கிறது என்பது என் முடிவு. கடைக் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. அது அரிப்பை அடக்கும். கூடவே தோலின் எதிர்ப்பையும் அடக்கும்.

ஒரே மாதிரித் தெரியும் பொரிகளுக்குக் காரணங்கள் பல. முடியில்லாத அடிவயிற்றில் சிறு சீழ்க்கொப்புளங்கள் மட்டும் இருந்து குட்டி துள்ளி விளையாடினால், அது பெரும்பாலும் குட்டிகளுக்கு வரும் சாதாரணச் சீழ்ப்புண்; குளோர்ஹெக்ஸிடின் ஷாம்பூவைப் பத்து நிமிடம் ஊறவிட்டு அலசினாலே பல சமயம் அடங்கும். (போட்டவுடன் கழுவினால் காசுக்குத்தான் கேடு.) காதோரமும் முழங்கையும் தோல் உரிந்து, தூக்கமே இல்லாமல் சொறிந்தால் சார்காப்டிஸ் சிற்றுண்ணியைச் சந்தேகிக்க வேண்டும். கண்ணைச் சுற்றியும் முன்னங்காலிலும் முடி கொட்டினால் டெமோடெக்ஸ். பிறந்த சில நாட்களில் தாயின் தோலிலிருந்து ஒட்டிக்கொள்ளும் இந்தச் சிற்றுண்ணி எல்லா நாயிலும் கொஞ்சம் இருப்பதுதான். எதிர்ப்புச் சக்தி குறையும்போது பெருகிவிடும். அந்த நேரத்தில் ஸ்டீராய்டு போடுவது அதற்கு விருந்து வைப்பது. அரிப்பை நிறுத்தும் ஓக்லாசிடினிப் மாத்திரையும் 12 மாதத்துக்குக் குறைந்த நாய்க்கு உரியதல்ல. டெமோடெக்ஸைத் தீவிரமாக்கலாம் என்ற எச்சரிக்கையும் அதற்கு உண்டு. ஆகவே தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது முதலில், மருந்து பிறகு.

சுரண்டிப் பார்த்தும் ஒன்றும் தெரியாவிட்டால் என்ன பயன் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். சார்காப்டிஸ் பல முறை சுரண்டலில் சிக்காது. அறிகுறி பொருந்தினால் மருந்து கொடுத்துத்தான் பார்க்க வேண்டியிருக்கும். ஆனால் டெமோடெக்ஸ் ஆழச் சுரண்டினால் பெரும்பாலும் அகப்பட்டுவிடும். அது இல்லை என்று தெரிவதே பாதி வழி. செலவு இன்னொரு தடை. சாதாரணமாக இது சில நிமிட வேலை, பெரிய கருவி வேண்டாம். 1893இல் தொடங்கிய வங்காளக் கால்நடைக் கல்லூரியின் வழிவந்த பல்கலைக்கழகம் பெல்காச்சியாவில் இருக்கும் நகரம் கொல்கத்தா. விசாரிக்க இடமில்லை என்று சொல்ல முடியாது.

மலிவு வழி என்று ஐவர்மெக்டின் ஊசியைக் கேள்விப்பட்ட அளவில் போடுவதை நான் ஏற்கமாட்டேன். கோலி (Collie) வகை நாய்கள் பலவற்றில் எம்.டி.ஆர்.1 மரபணுக் குறையால் அது மூளைக்குள் புகுந்து உயிரையே குடிக்கும். கலப்பினக் குட்டியின் வம்சாவளி யாருக்குத் தெரியும்? ஃப்ளூராலனர், அஃபாக்சோலனர் போன்ற மாத்திரைகள் இரண்டு வகைச் சிற்றுண்ணிக்கும் வேலை செய்கின்றன. ஆனால் வயதும் எடையும் பார்த்துத்தான் தர வேண்டும், வலிப்பு வந்த நாயென்றால் முன்பே டாக்டரிடம் சொல்ல வேண்டும். பழைய எஞ்சின் ஆயில் தடவுவதோ விஷம். நாய் அதை நக்கிவிடும். வீட்டில் யாருக்காவது கையிலோ இடுப்பிலோ சிறு பொரிகள் அரித்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். சார்காப்டிஸ் மனிதரிடம் தங்கிப் பெருகுவதில்லை, ஆனாலும் கடிக்கும். சுரண்டலில் தெரியாததை அந்தப் பொரிகள் காட்டிக்கொடுக்கலாம். அப்போது சொறியாத மற்ற நாய்க்கும் சேர்த்தே மருந்து தர வேண்டும்.