கர்ப்பகாலத்தில் காரீயமும் கேழ்வரகும்

பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடி மலைப்பகுதியிலுள்ள ஊர் அகளி. இங்கு வாழும் இருளர், முடுகர், குறும்பர் ஆகிய பழங்குடியினர் கேழ்வரகும் சாமையும் துவரையும் விளைவித்து உண்டவர்கள். நிலம் கைவிட்டுப்போகவே அப்பயிர்கள் குறைந்தன. நியாயவிலைக் கடை அரிசியே முக்கிய ஆகாரமாயிற்று. 2013ஆம் ஆண்டில் இப்பகுதியில் பல சிசுக்கள் இறந்தபோது, தாய்மாரின் ஊட்டக்குறைவும் இரத்தச்சோகையும் நாட்டின் கவனத்திற்கு வந்தன.

அவ்விறப்புகளுக்குக் காரீயம் காரணமென்று கொள்ளலாகாது. ஆயினும், ஊட்டம் குன்றிய உடலில் காரீய நஞ்சு எளிதிற் புகும் என்பதைக் களப்பணியாளர் அறிதல் வேண்டும்.

காரீயம் புகும் வழி

சுண்ணாம்புச் சத்தும் இரும்புச் சத்தும் குறைந்தால், குடல் காரீயத்தை மிகுதியாக ஈர்த்துக்கொள்கிறது. அது எலும்பிற் படிந்து பல்லாண்டுகள் தங்குகிறது. கருவின் எலும்பு வளரத் தாயின் எலும்பிலிருந்து சுண்ணாம்புச் சத்து கரையும்போது, காரீயமும் உடன் கரைந்து நஞ்சுக்கொடி வழியே சிசுவை அடைகிறது; மூளை வளர்ச்சியைக் கெடுக்கிறது. தாயிடம் வெளிப்படையான அறிகுறி எதுவும் தோன்றாதிருக்கலாம்.

வீட்டில் காண வேண்டியவை

ஈயம் என்னும் சொல் வெள்ளீயத்தையும் காரீயத்தையும் குறிக்கும். பாத்திரங்களுக்குப் பூசத்தக்கது வெள்ளீயமே. அதில் காரீயம் கலந்திருப்பின் புளியும் மோரும் அதனைக் கரைத்துவிடும். உதிரும் பழைய வண்ணப்பூச்சு, உடைத்த பாட்டரி, நிறமூட்டிய மஞ்சள்தூள், காரீயம் சேர்ந்த செந்தூரம், சில பற்ப மருந்துகள் ஆகியவையும் ஆராயத்தக்கவை. மசக்கையில் மண் தின்னும் வழக்கம் உண்டா என்பதையும் பரிவுடன் கேட்டறிக. வண்ணப்பூச்சில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் காரீயம் கூடாதென்னும் விதி 2017 முதல் நடப்பில் உள்ளது. அதற்கு முன் பூசிய சுவர்களும் கதவுகளும் இன்னும் இருக்கின்றன.

ஆகாரம்

கர்ப்பிணிக்கு நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து தேவை. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் உண்டு. அதே அளவு தீட்டிய அரிசியிலோ சுமார் 10 மில்லிகிராம்தான். முருங்கைக்கீரை, பயறு, முள்ளோடு உண்ணும் சிறுமீன் ஆகியவையும் நன்று. நெல்லிக்காயும் எலுமிச்சையும் இரும்புச் சத்து உடலிற் சேர உதவும். உணவோடு அருந்தும் தேநீர் அதனைத் தடுக்கும். இரும்பு மாத்திரையையும் சுண்ணாம்பு மாத்திரையையும் ஒரே வேளையில் உட்கொள்ளாமல் இரண்டு மணி நேரமேனும் இடைவெளி விடுதல் வேண்டும். அட்டப்பாடியில் அரிவாள் உயிரணு நோய் காணப்படுவதால், அந்நோயுடைய கர்ப்பிணிகள் மருத்துவரின் ஆலோசனைப்படியே இரும்பு மாத்திரை உண்ண வேண்டும்.

முடிவுரை

இரத்தத்தில் காரீயம் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருப்பின், அது வரும் வழியைக் கண்டறிந்து அகற்றுதல் வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் 2021இல் அறிவுறுத்தியது. நல்லுணவு காரீயம் உடலிற் சேர்வதைக் குறைக்குமேயன்றி, அது வரும் வழியை அடைக்காது. ஆகவே, தாய் என்ன உண்கிறாள் என்பதோடு, எதில் சமைத்து உண்கிறாள் என்றும் கேட்பது களப்பணியாளரின் கடமையாகும்.