பீரோவில் கிடந்த பழைய காசு: அசலா, நகலா?

போகிக்கு முன்னால் பீரோவை ஒழிக்கும்போது பாட்டியின் சுருக்குப்பையிலிருந்து நாலைந்து பழைய காசுகள் உருண்டு விழாத வீடு எங்கள் வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் குறைவு. ஓட்டைக் காலணா ஒன்று, விக்டோரியா ரூபாய் ஒன்று, ராமர் பட்டாபிஷேகம் போட்ட செப்புக்காசு ஒன்று. உடனே வீட்டில் யாராவது செல்போனை நீட்டி, "இது லட்சக்கணக்கில் போகுமாம்" என்பார்கள். கடைக்குப் போவதற்கு முன் வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனைகள் நிறைய உண்டு.

1. முதலில் காசுகளை வகைவகையாகப் பிரியுங்கள். அரசு அச்சிட்டது அசல். அதைப் பார்த்துச் செய்து, நகல் என்று சொல்லியே விற்பது நகல். அந்த நகலையே அசல் என்று விற்றால் அது போலி. இவை தவிர, எந்த அரசும் எந்தக் காலத்திலும் வெளியிடாத கற்பனைக் காசு என்று ஒரு வகை உண்டு. வீடுகளில் பத்திரமாகப் பூட்டி வைத்திருப்பதில் பெரும்பாலும் இதுதான் இருக்கும்.

2. கற்பனைக் காசுக்கு நல்ல உதாரணம் 1818 என்று ஆண்டு போட்ட கிழக்கிந்தியக் கம்பெனிக் காசு. ஒரு பக்கம் ராமர் பட்டாபிஷேகமோ அனுமனோ விநாயகரோ லட்சுமியோ இருப்பார்கள். மறுபக்கம் ஆங்கிலத்தில் கம்பெனியின் பெயரும் 'ஒன் அணா' அல்லது 'ஹாஃப் அணா' என்ற மதிப்பும் இருக்கும். கம்பெனி அப்படி ஒரு காசை வெளியிட்டதே இல்லை. பிரிட்டிஷ் இந்திய அரசு ஓரணா நாணயம் வெளியிட்டது 1907-இல்தான். அதுவும் செம்பில் அல்ல, செம்பும் நிக்கலும் கலந்த உலோகத்தில். 1818-இல் சென்னை ராஜதானியில் மக்கள் எண்ணியது காசு, பணம், வராகன் கணக்கில். பூஜையறையில் வைத்துக் கும்பிடலாம், தவறில்லை. கடன் அடைக்க மட்டும் அதை நம்பாதீர்கள்.

3. ஆனால் சாமி உருவம் இருந்தாலே போலி என்றும் முடிவு கட்டக்கூடாது. சென்னையில் கம்பெனி அச்சிட்ட தங்க வராகன்களில் பெருமாள் உருவம் உண்டு. இரு தேவியரோடு பெருமாள் நிற்கும் 'மூன்று சாமி வராகன்' என்ற வகையும் உண்டு. 1807-08 வாக்கில் வந்த வெள்ளி அரை வராகன், கால் வராகன் காசுகளில் ஒரு பக்கம் கோபுரம், மறுபக்கம் பெருமாள். மதிப்பைத் தமிழிலும் தெலுங்கிலும்கூட எழுதியிருப்பார்கள். இப்படி ஒன்று கையில் இருந்தால் அவசரப்பட்டு யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள்.

4. எடையைப் போல் உண்மை பேசும் சாட்சி வேறில்லை. 1835 முதல் 1939 வரையிலான வெள்ளி ரூபாயின் எடை 11.66 கிராம், சரியாக ஒரு தோலா. பழைய நகைக்கடைகளில் ரூபாய்க் காசையே தராசில் எடைக்கல்லாகப் போட்டது இதனால்தான். தேய்ந்த காசு அரை கிராம்வரை குறையலாம். 9 கிராமோ 13 கிராமோ காட்டினால் மேற்கொண்டு யோசிக்கவே வேண்டாம். கிராமில் நூறில் ஒரு பங்கு காட்டும் சிறு மின்தராசு இன்று எளிதில் கிடைக்கிறது. இல்லையென்றால் தெரிந்த நகைக்கடையில் ஒரு நிமிடம் வைத்துப் பாருங்கள்.

5. அடுத்தது அளவு. இந்த விஷயத்தில் நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு வசதி. தோலின் தடிமன் பார்க்கும் கேஜ் டேனரியிலோ ஷூ கம்பெனியிலோ வேலை பார்க்கும் யாராவது ஒரு மாமாவிடம் இருக்கும். அதில் காசின் தடிமனை நாலு இடத்தில் அளந்து பாருங்கள். அச்சில் அடித்த அசல் காசில் நாலு இடத்திலும் ஏறக்குறைய ஒரே அளவு வரும். உருக்கி வார்த்த போலியில் ஒரு பக்கம் தடித்தும் ஒரு பக்கம் மெலிந்தும் இருக்கும். அழுத்தமாகப் பிடித்துக் கோடு விழ வைக்காதீர்கள். இடையில் ஒரு மெல்லிய காகிதம் வைத்து அளந்து, காகிதத்தின் அளவைக் கழித்துக்கொள்ளுங்கள்.

6. வெள்ளியா வேறா என்ற சந்தேகம் தீர ஒரு டம்ளர் தண்ணீர் போதும். மின்தராசில் டம்ளரை வைத்துப் பூஜ்ஜியமாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, தண்ணீருக்குள் முழுதும் மூழ்கும்படி, அடியிலும் ஓரத்திலும் படாமல் தொங்கவிடுங்கள். 1939 வரையிலான வெள்ளி ரூபாய் என்றால் தராசு ஏறக்குறைய 1.13 கிராம் காட்டும். ஜெர்மன் சில்வராக இருந்தால் அதே எடைக் காசுக்கு 1.3-க்கு மேல் போகும். 1940 முதல் 1945 வரை வந்த ரூபாயில் பாதிதான் வெள்ளி. அதற்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

7. காந்தம் வைத்துப் பார்ப்பது நல்ல பழக்கம், ஆனால் அரைகுறையாகச் செய்தால் அசலைத் தூக்கிப் போட்டுவிடுவீர்கள். வெள்ளியும் செம்பும் காந்தத்தில் ஒட்டாது. மறுபக்கம் புலி நிற்கும் 1947 ரூபாய் சுத்த நிக்கல். அது ஒட்டத்தான் வேண்டும், ஒட்டாவிட்டால்தான் சந்தேகம்.

8. பூதக்கண்ணாடியில் பார்க்க வேண்டிய இடம் முகம் அல்ல, விளிம்பு. வார்த்த போலியில் விளிம்பைச் சுற்றி ஒரு மெல்லிய இணைப்புக் கோடு தெரியும், அல்லது அதை அரம் போட்டுத் தேய்த்த தடம் தெரியும். பரப்பில் ஊசி குத்தியது போன்ற சிறு குழிகள் இருக்கும். எழுத்துகள் கூர்மையில்லாமல் கரைந்தது போல் நிற்கும். இன்னொன்று: 1939-ஆம் ஆண்டு ஜார்ஜ் ரூபாய் மிக அரிது. அதனாலேயே வேறு ஆண்டுக் காசின் கடைசி எண்ணைச் சுரண்டி 9 ஆக்கி விற்பார்கள். அந்த எண்ணைச் சுற்றியுள்ள பரப்பு மற்ற இடத்தைவிடப் பளபளப்பாகவோ பள்ளமாகவோ இருக்கிறதா என்று பாருங்கள்.

9. ஆற்காட்டு ரூபாய் நம் மண்ணின் காசு, ஆகவே கொஞ்சம் விரிவாக. நவாபின் காசுக்கு வியாபாரத்தில் அவ்வளவு மதிப்பு இருந்ததால் பிரெஞ்சுக்காரர்கள் 1736-இல் அனுமதி வாங்கிப் புதுச்சேரியில் அதே காசை அடித்தார்கள். ஆங்கிலேயர்கள் 1742-இல் அனுமதி பெற்றுச் சென்னையில் அடித்தார்கள். 1749-இல் ஆம்பூர்ப் போரில் நவாப் அன்வருத்தீன் மாண்ட பிறகும், ஆற்காட்டுக்காக அடிதடி நடந்த காலமெல்லாம் இந்த அச்சடிப்பு நிற்கவில்லை. முகலாயப் பேரரசர் இரண்டாம் ஆலம்கீர் பெயரும் ஹிஜ்ரி 1172 என்ற ஆண்டும் போட்ட அச்சையே கம்பெனி பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் ஓட்டியது. ஆகவே காசில் உள்ள ஆண்டைக் கணக்கிட்டு, "1758-இல் அடித்தது" என்று யாராவது சொன்னால் அப்படியே ஏற்காதீர்கள். பிறைக் குறி இருந்தால் புதுச்சேரி, தாமரைக் குறி இருந்தால் கம்பெனி. ஒருவர் காசை மற்றவர் அடித்ததுதான், ஆனாலும் இவற்றைப் போலி என்று எந்தச் சேகரிப்பாளரும் சொல்வதில்லை. அனுமதியோடு அடித்தது, சந்தையில் செல்லுபடியானது.

10. திப்புவின் யானைக் காசுக்கும் நகல்கள் ஏராளம். அவர் புதிதாகக் கொண்டுவந்த ஆண்டுக் கணக்கில் அடித்த காசுகளில் எண்களை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். நகல் செய்பவர் பலருக்கு இது தெரியாது.

11. அசல் எப்படி இருக்கும் என்று ஒருமுறையாவது கண்ணால் பாருங்கள். வேலூர்க் கோட்டைக்குள் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் நாணயத் தொகுப்பு அதைவிடப் பெரிது. விலை சொல்வது அவர்கள் வேலை இல்லை, அதைக் கேட்காதீர்கள்.

12. பழசு என்றால் விலை கூடும் என்பது பாதி உண்மைகூட இல்லை. சென்னைக்கென்று இங்கிலாந்தில் அச்சிட்ட 10 காசு, 20 காசு செப்பு நாணயங்களை ஏற்றிவந்த 'அட்மிரல் கார்ட்னர்' கப்பல் 1809 ஜனவரியில் ஆங்கிலக் கடற்கரையருகே மூழ்கியது. 1980-களில் அந்தக் காசுகளை மூட்டை மூட்டையாக வெளியே எடுத்தார்கள். அசல் என்பதில் சந்தேகமே இல்லை, வயது இருநூறு தாண்டியது, ஆனாலும் எண்ணிக்கை அதிகம் என்பதால் சாதாரண விலைக்கே கிடைக்கிறது. விலையை முடிவு செய்வது எத்தனை மிச்சமிருக்கிறது, எவ்வளவு தேயாமல் இருக்கிறது, வாங்க ஆள் இருக்கிறதா என்ற மூன்றும்தான்.

13. குறைந்தபட்ச விலையை நீங்களே கணக்கிடலாம். 1939 வரையிலான வெள்ளி ரூபாயில் சுத்த வெள்ளி சுமார் 10.7 கிராம், 1940-45 ரூபாயில் 5.8 கிராம், 1969 காந்தி நூற்றாண்டுப் பத்து ரூபாயில் 12 கிராம். விற்கும் நாளின் வெள்ளி விலையால் பெருக்குங்கள். அதற்குக் கீழே கேட்பவரிடம் பேச்சை வளர்க்க வேண்டாம்.

14. காசுமாலைக்கு ஒரு வார்த்தை. அசல் இங்கிலாந்துச் சவரன் 7.98 கிராம், 22 காரட், குறுக்களவு 22 மில்லிமீட்டர். மாலையில் கோத்திருப்பது பெரும்பாலும் பத்தர் அடித்த நகல். தங்கம் தங்கம்தான், சேகரிப்பு மதிப்பு மட்டும் கிடையாது. அசல் சவரனாகவே இருந்தாலும் வளையம் பற்றவைத்துவிட்டால் தங்க விலையோடு நிற்கும். பற்றவைக்காத அசல் ஒன்று கிடைத்தால் தயவுசெய்து மாலையில் சேர்க்காதீர்கள்.

15. புளி, எலுமிச்சை, விபூதி, பற்பசை எதையும் காசின் பக்கம் கொண்டுவராதீர்கள். குத்துவிளக்குக்கு நல்லது காசுக்கு ஆகாது. பழைய செம்பின் பழுப்பு நிறமும் வெள்ளியின் கருமையும் அதன் வயதுக்குச் சான்று. தேய்த்துப் பளபளவென்று ஆக்கினால் பாதி விலை போய்விடும். அழுக்கு அப்பியிருந்தால் காய்ச்சி வடித்த தண்ணீரில் ஊறவைத்து, பருத்தித் துணியில் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம்.

16. தோல் பர்ஸில் காசு சேர்க்காதீர்கள். தோல் ஊரில் இருந்துகொண்டு இதைச் சொல்வது வேடிக்கைதான். ஆனால் பதனிட்ட தோலில் எஞ்சிய அமிலமும் உப்பும் ஈரத்தோடு சேர்ந்தால் செம்பில் பச்சைக் களிம்பு பிடிக்கும். ஆவாரம் பட்டை போட்டுப் பதனிட்டதானாலும் குரோம் தோலானாலும் இதே கதை. டேனரிகளில் முடி நீக்கச் சுண்ணாம்போடு சேர்க்கும் சோடியம் சல்பைடிலிருந்து வரும் அந்த அழுகிய முட்டை நாற்றம் வெள்ளிக்கு எதிரி. டேனரிக்குப் பக்கத்தில் வீடு என்றால் வெள்ளிக்காசு மற்ற ஊரைவிடச் சீக்கிரம் கறுக்கும். காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். விலை மலிவான பி.வி.சி. ஆல்பமும் வேண்டாம், சில ஆண்டுகளில் பச்சையாக ஒட்டும் பசை கசியும். பாலியெஸ்டர் உறை அல்லது காசுக்கென்றே விற்கும் கண்ணாடி போன்ற கூடு நல்லது.

17. ஷூ பெட்டியோடு வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைத் தூக்கி எறியாமல் காசு டப்பாவில் இரண்டு போடுங்கள். மழைக்காலம் முடிந்ததும் மாற்றிவிடுங்கள். குழந்தைகள் கைக்கு எட்டாமல் இருக்கட்டும்.

18. நகல் சேகரிப்பது கேவலமில்லை. சோழர் காசோ ரோமானியத் தங்கக் காசோ அசலாக வாங்க எல்லோராலும் முடியாது. பிள்ளைகளுக்குக் காட்டிச் சொல்லிக்கொடுக்க நகலே போதும். வாங்கும்போது பில்லில் 'நகல்' என்று எழுதி வாங்குங்கள். அமெரிக்காவில் நகல் காசில் அப்படி என்று பொறிக்க வேண்டும் என 1973-லேயே சட்டம் வந்துவிட்டது. இங்கே நாம்தான் உஷாராக இருக்க வேண்டும். டப்பாவுக்குள் ஒரு சீட்டில் எங்கே, என்ன விலைக்கு வாங்கியது என்று எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் நாளை உங்கள் பேரனே அதை அசல் என்று விற்கப் போவான்.

19. அஸ்திவாரம் தோண்டும்போது பானையோடு காசு கிடைத்தால் பங்கு போட்டுக்கொள்ளாதீர்கள். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவித்தாக வேண்டும். நூறு வயது தாண்டிய காசை துபாயில் இருக்கும் மச்சானுக்குப் பரிசாக அனுப்புவதும் கூடாது. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் அதைத் தடுக்கிறது. நகலை எடுத்துப் போகிறீர்கள் என்றால் பில்லைக் கையில் வைத்திருங்கள்.

20. அரிசியை இழுக்கும் காசு, அதற்குள் இரிடியம், வெளிநாட்டு விஞ்ஞானி கோடிக்கு வாங்குவார் என்றெல்லாம் பேசுபவர் வீட்டு வாசலைத் தாண்ட விடாதீர்கள். அரிசியில் இரும்புத்தூள் பூசியிருப்பார்கள், அவ்வளவுதான். வைஷ்ணவதேவி படம் போட்ட ஐந்து, பத்து ரூபாய் நாணயங்களுக்கும் சாதாரணமாக முகமதிப்புதான்.

21. பழைய காசை வாங்கிக்கொள்கிறோம், பதிவுக் கட்டணமும் வரியும் முதலில் கட்டுங்கள் என்று ரிசர்வ் வங்கியின் பெயரில் போன் வந்தால் அது மோசடி. இப்படிப்பட்ட வியாபாரம் எதிலும் தாங்கள் இல்லை, கட்டணமோ கமிஷனோ கேட்பதும் இல்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே அறிவித்துவிட்டது. விற்பவர்தான் பணம் வாங்க வேண்டும். விற்பவரையே பணம் கட்டச் சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே அனுப்பிவிட்டீர்கள் என்றால் கூச்சப்படாமல் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள்; சீக்கிரம் சொன்னால்தான் அந்தப் பணத்தை வங்கியில் முடக்கி வைக்க வழி உண்டு.